அண்ணன் பெயரில் ஆடிய கெப்டன்

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. பதுளையில் மழை இல்லை, புழுதிக் காற்று. பூனாகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கெப்டனும் நானும் விளையாட்டு அலுவலகத்தின் பன்னிரண்டு படிகளை ஏறினோம். நான்காவது படியிலேயே அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். எழுபத்தொரு வயது.

எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணியின் பின்வரிசையில் பத்தொன்பது வருடம் ஆடியவன். 211 ஆட்டங்கள்; செயலாளராக எல்லாவற்றையும் கொப்பியில் எழுதியவன் நான். ஆளை விழுத்தி அவன் பந்தை எடுத்ததில்லை. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரிந்து முன்பே அங்கே போய் நிற்பான்.

மாவட்டத்தின் பழைய கெப்டன்களுக்கு மைதானத்தில் பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்கள். பட்டியலில் இருந்தது அவனுடைய அண்ணன் பெயர். அதைத் திருத்தத்தான் வந்தோம்.

தவறு என்னுடையது. அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். ஒரே லயத்து வீட்டில் அண்ணனுக்கு அது கிடைத்திருந்தது, இவனுக்கு இல்லை. ஒரு வருடத்துக்குத்தானே என்று விண்ணப்பத்தில் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயரிலேயே ஆறு வருடம் மாவட்டத்துக்கு ஆடினான். மூன்றில் கெப்டன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா பட்டியலைப் பார்த்தார். "இந்தப் பேருக்காரரு இப்ப எங்க?"

"செத்து எட்டு வருசமாச்சுங்க," என்றான் கெப்டன். "அவரு பந்தையே ஒதைச்சதில்ல. கிரவுண்டுக்கு மாடு தேடித்தான் வருவாரு. ஆடுனது நாந்தாங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பேனாவை மூடினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. ஆள் மாறி ஆடுனதுன்னு நான் எழுதுனா அந்த ஆறு வருசமும் ரத்தாயிரும். மத்த பத்துப் பேரு ஜெயிச்சதும் சேர்த்துத்தான்."

அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். கெப்டன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணன்தாங்க ஆடுனாரு. எனக்கு வயசாச்சு, தடுமாறிச் சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வேற என்னத்தச் சொல்ல? எழுதுனவன் நீ."

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் முன்னால் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்றைய செலவையும் கொப்பியில் எழுதிவைத்தேன். ஆடியது அவன்தான் என்று எழுதி, பையிலிருந்து எடுக்காமலே போன சத்தியக் கடதாசிக்கு 1,500. கொப்பிப் பக்கங்களைப் பிரதி எடுக்க 240. இருவருக்கும் போக வர பஸ் 1,000. அவன் குடிக்காமல் வைத்த தேநீரோடு சேர்த்துக் கடையில் 320. மொத்தம் 3,060 ரூபாய்.