பாமா எடுத்த வெள்ளை மரம்

டிவி ரிமோட்டைக் கேமராவின் முகத்துக்கு நேரே நீட்டி அமுக்கினாள் பாமா. திரையில் ஒரு பொட்டு பளிச்சிட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒழுங்காக உள்ளே போகிறது. இனிப் படம் எடுக்கலாம். "ரிமோட் எங்கடீ?" என்று கணவன் முகுந்த் கத்துவது ஞாயிறுதோறும் நடப்பது.

வார நாட்களில் அவளுக்குப் புனேயின் பாணேர் பகுதியில் மென்பொருள் வேலை. அகச்சிவப்புப் படத்துக்கென்று விற்கும் ஃபில்டரின் விலையைக் கேட்டு, கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள். பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி, மூக்குக்கண்ணாடிக்கான ஸ்க்ரூடிரைவரால் பிரித்தாள். ஃபிளாஷ் ஷாக்கடித்தது. "சனியனே!" என்று அதையும் திட்டிவிட்டு, அகச்சிவப்பைத் தடுக்கும் உள்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டாள். ஸ்டூடியோ குப்பையில் கிடைத்த கறுத்த நெகட்டிவ் துண்டுகளை, சாதாரண ஒளியைத் தடுக்க, லென்ஸின் மேல் ஒட்டினாள். ஸ்டாண்டுக்குப் பதில் துவரம்பருப்புப் பை. அவ்வளவுதான், வானம் கறுத்தது, இலைகள் பனி பெய்ததுபோல் வெளுத்தன.

குடியிருப்பு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பாள். 2006இல், மழை விட்ட ஒரு ஞாயிறு, அத்தனை வெள்ளையில் ஒரு கிளை மட்டும் சாம்பலாக விழுந்தது. நேரில் பார்த்தால் எல்லாமே பச்சை. லென்ஸைத் துடைத்து மறுபடி எடுத்தாள். சாம்பல்தான். அகச்சிவப்பில் நல்ல இலைதான் வெளுக்கும்; சாகத் தொடங்கிய இலை மங்கும். அடுத்த வாரம் பக்கத்துக் கிளையும் மங்கியது. இறங்கிப் போய் அடிமரத்தைத் தடவினாள். செடி மறைவில் விரல் நுழையும் துளை, களிமண்ணால் அடைத்திருந்தது. நோண்டியதும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டின் நெடி குப்பென்று அடித்தது.

அந்த மரம் போனால் மூன்று கார் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி ராமநாதன். சொசைட்டிக் கூட்டத்தில் பாமா நீட்டிய படங்களைப் புரட்டினார். "என்ன மேடம், சிம்லா போயிருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"துளை போட்டு ஆசிட் ஊத்தியிருக்காங்கங்க. வந்து மோந்து பாருங்க!"

"யாராவது பண்ணியிருப்பாங்க. எப்படியும் பட்டுப்போற மரம். நாமளே எடுத்துட்டா சேஃப்."

பாமா கோயம்புத்தூர்க்காரி. கோபம் தலைக்கேறினால் பேச்சிலிருந்து முதலில் உதிர்வது 'ங்க'தான். "யாராவதுன்னா யாரு? பேரைச் சொல்லு!"

வெட்டலாம் என்று கைகள் உயர்ந்தன. முகுந்தின் கையும்.

"நமக்கும் பார்க்கிங் இல்லையே பாமா…" என்றான் லிஃப்டில். அவள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறினாள். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வெட்டுவதற்கு மாநகராட்சி அனுமதி வரவேண்டும். அதுவரை தினமும் காலையில் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து துளையைக் கழுவினாள். பிழைக்குமா என்று அவளுக்கே தெரியாது. நான்காம் நாள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. கார் ஜன்னலை இறக்கி ராமநாதன் தலையை நீட்டினார்.

"தண்ணிய வேஸ்ட் பண்ணாதீங்க மேடம். தள்ளுங்க, வண்டி போகணும்."

பாமா குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை நோக்கித் திரும்பினாள்.