ஏழாம் நம்பர் வசனமும் சுப்பையா அண்ணனின் உயிரும்

வசனம் எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அரைத்த மாவையே அரைக்காமல் எழுதுவது எப்படி மேடம்?" என்பதுதான். அரைத்த மாவில் ஒரு மனிதரையே கொன்றவள் நான். அதனால் பதில் சொல்லத் தகுதி இருக்கிறது என்று நம்புகிறேன்.

பேப்பர் வராத நாள்

திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் எங்கள் சீரியலின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் அப்போது ப்ராம்ப்டர். கேமராவுக்குப் பின்னால் நின்று பேப்பரைப் பார்த்து வசனத்தை உரக்கச் சொல்ல வேண்டும். நடிகர்கள் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வார்கள். குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். கோட்டைப்பட்டினத்துக் கரையில் நின்று அத்தாவின், அதாவது அப்பாவின், படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. இந்த வேலை கிடைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

வசனம் எழுதும் ரைட்டர் சார் சென்னையில் இருந்தார். ஒரே சமயத்தில் மூன்று சீரியல்களுக்கு எழுதுவார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பக்கங்கள் வரும். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி ஆகியும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் அந்த வீட்டில் காதுகுத்து. சாயங்காலம் ஆறு மணிக்குள் நாங்கள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். பந்தல்காரர்கள் மூங்கிலோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சொந்தக்காரப் பெண்கள் உள்முற்றத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "நசீமா, ஒனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. நம்பரைப் போட்டு ஓட்டும்மா."

இந்த நம்பர் கதையைச் சொல்ல வேண்டும். அடிக்கடி வருகிற வசனங்களுக்கு எங்கள் யூனிட்டில் நம்பர் கொடுத்து வைத்திருந்தோம். ஒன்றாம் நம்பர், "நிறுத்துங்க!" மூன்று, "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இவ இருக்கணும்." ஐந்து, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இருபத்து நாலு மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்." ஏழு, "எங்கப்பா மட்டும் இன்னைக்கு உயிரோட இருந்திருந்தா..." பட்டியலில் மொத்தம் பதினொன்று. பட்டியல் போட்டவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காட்சி இதுதான்: மகள் தேவகிக்கும் அண்ணிக்கும் கூடத்தில் சண்டை. ஒன்றில் ஆரம்பித்தேன். மூன்றுக்குப் போனேன். அண்ணி முறைத்தாள். தேவகி அழ வேண்டிய இடம் வந்ததும் யோசிக்கவே இல்லை, ஏழைப் போட்டேன். தேவகியாக நடித்த பெண்ணும் யோசிக்கவில்லை, கதறிவிட்டாள்.

"கட்! சூப்பர்!" என்றார் டைரக்டர். லைட்மேன் கைதட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அண்ணன் கேட்ட கேள்வி

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுப்பையா அண்ணன் என்னிடம் வந்தார். கந்தர்வக்கோட்டைக்காரர். சீரியலில் தேவகியின் அப்பா அவர்தான். கூடத்துக் காட்சி எல்லாவற்றிலும் மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எப்போதாவது "சாப்பாடு ஆச்சாம்மா?" என்பார், அவ்வளவுதான். சற்று முன் எடுத்த காட்சியிலும் அதே நாற்காலியில் அதே பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நான் எப்பச் செத்தேன்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. மகள் அழுகிறாள், அப்பா உயிரோடு இல்லையே என்று. பின்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏழாம் நம்பரைக் கேட்டதும் தொழில் தெரிந்த அந்த மனிதர் பேப்பருக்குப் பின்னால் கண்ணை வேறு துடைத்திருக்கிறார்.

"தப்பு என்னுதுண்ணே. டப்பிங்ல மாத்திரலாம்."

"மாத்திருவாங்கள்ல? முன்னாடி நாடகத்துல நின்னுக்கிட்டே நடிச்சவன்தான். இப்ப முட்டி கேக்க மாட்டேங்குது. உக்காந்துக்கிட்டு நடிக்கிற வேலை எனக்கு இது ஒண்ணுதான் தங்கச்சி இருக்கு."

நேராக டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ரைட்டர் சாருக்கு மறுபடி போன் போட்டார். பாழாய்ப்போன போன், அப்போது பார்த்து எடுத்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பாவா? அவருதான் போன மாசமே செத்துட்டாரே."

"சார், அது ஒங்க வேற சீரியல்."

"அப்படியா? பரவால்ல, இதுலயும் நல்லாத்தான் இருக்கு. செத்தவராவே இருக்கட்டும். ஒரு போட்டோவுக்கு மாலையைப் போட்டு மாட்டி, அதைத் தனியா ஒரு ஷாட் எடுத்துருங்க. நாற்காலியில இருக்கிறவரை எடிட்டிங்ல தூக்கிரலாம்."

 ஸ்டில் போட்டோகிராபர் கூப்பிட்டதும் சுப்பையா அண்ணன் சுவரோரம் போய் நின்றார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"அண்ணே, லேசாச் சிரிங்க. இம்புட்டு வேணாம், கொஞ்சம் கொறைங்க."

அவரும் குறைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்கு வந்த ஒரு வசனத்தால் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

படத்தை அவசரமாகத் திருமயத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டத்தில் மாட்டிக் கொண்டுவந்தார்கள். மாலைக்கு எங்கே போவது? காதுகுத்துக்கு வந்திருந்த கூடையிலிருந்து ஒரு சரம் தரச் சொல்லிப் புரொடக்ஷன் ஆள் உள்ளே போய்க் கேட்டார். வீட்டுக்கார அம்மா கையில் அரிவாள்மனையோடு வெளியே வந்தார்.

"ஏங்க, நாளைக்குப் புள்ளைக்குக் காது குத்துற வீடுங்க இது. உசுரோட நிக்கிற மனுசனுக்கு இங்க வச்சு மாலை போடுவீங்களா? அந்தப் போட்டோவ மொதல்ல அங்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

டைரக்டர் கும்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மா அசையவில்லை. மணி ஐந்தரை. எனக்குக் கிடைத்த இடைவெளி அதுதான்.

"சார், ஒரே ஒரு ஷாட். அண்ணனை வச்சு."

"எந்த நம்பர்?"

"நம்பர் இல்ல சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழியும் இல்லை. "எடுத்துத் தொலை" என்றார்.

அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவருக்கு என்ன வசனம் சொல்வது? மண்டையைக் குடைந்தேன். வந்ததெல்லாம் ஒன்றிலிருந்து பதினொன்று வரைதான். பதினொரு வசனம் தெரிந்த எனக்கு, உயிரோடு இருக்கிற மனிதர் பேச ஒரு வரி தெரியவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. என்கிட்ட வந்து கேட்டீங்கள்ல, அதை ஒங்க மகக்கிட்டக் கேளுங்க."

கேமரா ஓடியது. தேவகி கதறினாள்: "எங்கப்பா மட்டும் இன்னைக்கு உயிரோட இருந்திருந்தா..."

மூலையில் பேப்பர் மெல்ல இறங்கியது.

"ஏன் ஆத்தா, நான் இங்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்?"

கதறிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துப் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். உள்முற்றத்தில் காய் நறுக்கியவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வாசலில் பந்தல்காரர்களும் சிரித்தார்கள். சீரியலைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே. டைரக்டர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "இதையே வச்சுக்குவோம்" என்றார். போட்டோவை அண்ணனே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

பன்னிரண்டாம் நம்பர்

காட்சி ஒளிபரப்பானதும் அந்த வரி பிடித்துக்கொண்டது. கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தால் பயணிகள், "நான் இங்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்?" என்று கேட்க ஆரம்பித்தார்களாம். அண்ணன் பூரித்துப்போய்ச் சொன்னார். சேனலிலிருந்து, வாரம் ஒரு தடவையாவது அப்பா இதைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரைட்டர் சார் அதைத் தான் எழுதியது என்றே எல்லோரிடமும் சொன்னார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவர் மனதார நம்பினார். நாங்களும் அதற்குப் பன்னிரண்டாம் நம்பர் கொடுத்துவிட்டோம்.

அடுத்த வருடம் ரைட்டர் சார் வேறு கம்பெனிக்குப் போனார். வசனம் என் கைக்கு வந்தது. முதல் வேலையாக நம்பர் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். புது ரைட்டர் இல்லையா, புதுசாக எழுத வேண்டாமா? டாக்டரைக் கண்ணாடி போட்டபடியே பேசவிட்டேன். அண்ணியை முறைக்காமல் சண்டை போடவைத்தேன். பன்னிரண்டாம் நம்பரும் சலித்துவிட்டது, அதையும் அடித்தேன். அந்த வாரக் காட்சியில் அப்பாவுக்கு, "பேப்பர் படிக்கிறார்" என்று மட்டும் எழுதினேன்.

செட்டில் பக்கங்களைக் கொடுத்தபோது அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, மறுபடியும் செத்துட்டனா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. தாளை என்னிடமே நீட்டினார். பேனாவை வாங்கி, அந்த இடத்திலேயே நின்று அந்த வரியை மறுபடி எழுதினேன். சீரியல் முடிகிற வரைக்கும் வாரம் தவறாமல் எழுதினேன். அரைத்த மாவு என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். நானே எனக்குள் கிண்டலடித்துக்கொண்டேன்.

ஆகவே பிள்ளைகளே, தேய்ந்த வசனத்தை அடியுங்கள், தாராளமாக அடியுங்கள். அடிப்பதற்கு முன்னால் மூலை நாற்காலியை மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்.