மூன்று ஒளிபரப்புகள்

கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் படம் வாங்கும் பிரிவில் எனக்கு வேலை. வாங்குவது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். படம் எப்போதும் தயாரித்தவருடையதுதான். இன்ன தவணைக்குள், இலங்கைக்குள் மட்டும், இத்தனை தடவை காட்டலாம் என்ற உரிமையே எங்களுக்குக் கிடைக்கும். தவணை முடிந்துவிட்டால் அதில் ஒரு காட்சியைக்கூட நாங்கள் தொட முடியாது. பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய கணவர், என் மச்சான், எங்கள் ஊரான சாய்ந்தமருதின் கரையில் படகு வைத்திருந்தார். இந்தியாவிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து அவருடைய படகை வாடகைக்கு எடுத்தது. கதை நடப்பது தமிழ்நாட்டுக் கரையொன்றில். பிடித்தது எங்கள் கடலில். இயந்திரத்தின் பக்கத்தில் அவர் நின்ற விதம் டைரக்டருக்குப் பிடித்துப்போய், படகோட்டியாக நீங்களே நடியுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஒரேயொரு காட்சி. கடல் கொந்தளிக்கிற நாளில் கதாநாயகன் வந்து படகைக் கேட்பான், மச்சான் தர மறுப்பார். அந்த மாதம் முழுக்க வீட்டில் அதே பேச்சாக இருந்ததென்று ராத்தா சொன்னாள்.

படம் வெளிவருவதற்கு முன்னரே மச்சான் மௌத்தானார். அஸர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறதென்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். ராத்தா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கவேண்டிய அந்தக் காலத்தில்தான் படம் தியேட்டருக்கு வந்தது. மச்சானோடு தொழிலுக்குப் போனவர்கள் ஒன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் கடலில் நிற்கிற மாதிரியே நிற்கிறார் என்று வாசலில் நின்று சொன்னார்களாம். வாசல் திரைச்சீலைக்கு உள்ளே இருந்து ராத்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் கேட்டாள்.

"தங்கச்சி, அந்தப் படம் உங்கட டீவிக்கு வருமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தியேட்டரில் ஆட்கள் டிக்கெட் எடுக்கவேண்டும் என்பதால் தயாரிப்பாளர்கள் கொஞ்ச காலம் டீவிக்குக் கொடுக்கமாட்டார்கள். ஓடுகிற படமென்றால் வெளிவருவதற்கு முன்னரே டீவி உரிமையைப் பேசி முடித்துவிடுவார்கள். ஓடாத படத்தை யாரும் கேட்கமாட்டார்கள். மச்சானின் படம் அந்த இரண்டாவது வகை. இணையத்தில்கூடத் தேடிப் பார்த்தேன். திருடுவதற்கும் ஆள் இல்லாத படமாக இருந்தது அது.

"வந்தா சொல்லுகா" என்றாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ராத்தா இத்தா முடிந்து வெளியே வந்தபிறகு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு பெரிய நடிகரின் படத்தை எடுக்க எங்கள் அலுவலகம் முயன்றது. அப்படிப்பட்ட படத்தைத் தனியாகத் தரமாட்டார்கள். யாரும் கேட்காத சின்னப் படங்கள் சிலவற்றை அதனோடு சேர்த்துக் கட்டித்தான் விற்பார்கள். சென்னையிலிருந்து பேசிய தரகர், கூட வருகிற படங்களைத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு பெயரில் நான் அவரை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னேன். அது மச்சானின் படம்.

விஷயத்தை மேலாளரிடம் மறைக்காமல் சொன்னேன். இந்தக் கட்டுப் படங்களைக் கண்டாலே சலித்துக்கொள்கிறவர் அவர். ஆனாலும் முதல் தடவையை ஞாயிறு பகலில் போடுவோம் என்றார். மொத்தம் மூன்று தடவை காட்ட எங்களுக்கு உரிமை இருந்தது.

பிரதி வந்ததும் முழுவதையும் பார்த்து, படமும் ஒலியும் சரியா என்று சோதிப்பது என் வேலை. அலுவலகத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான் வந்தார். வெளுத்த சாரன், தோளில் துவாய், கறுத்த முகம். அவர் வாயைத் திறந்தார். கேட்டது சென்னைக்காரர் ஒருவரின் கனத்த குரல். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பேச்சு கதைக்கு ஒத்துவராதென்று வேறொருவரைப் பேச வைத்திருந்தார்கள். கரையில் பதிவு செய்த ஒலி கிடைக்குமா என்று தரகரிடம் கேட்டேன். அவர் தயாரிப்பாளரிடம் விசாரித்துவிட்டு, அதை யாரும் எடுத்து வைக்கவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் ஊருக்குப் போனேன். ராத்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குரல் அவர்ட இல்ல ராத்தா. வேற ஆள் கதைச்சிரிக்கார்."

கையில் இருந்த மீனைக் கழுவி முடித்துச் சட்டியில் போட்டாள்.

"முகம்?"

"முகம் அவர்தான்."

"அப்ப பாப்பம்" என்றாள்.

மச்சானின் உம்மா, எங்கள் மாமி, இரண்டு வீடு தள்ளி இருந்தார். மௌத்தானவரைப் படத்தில் பார்த்து அழுவதைவிட அவருக்காகக் குர்ஆனிலிருந்து ஒரு யாஸீன் ஓதலாம் என்பது மாமியின் எண்ணம். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து கதிரையில் அமர்ந்திருந்தவர் அவர்தான்.

படம் சவர்க்கார விளம்பரங்களுக்கு இடையில் மெதுவாக நகர்ந்தது. அடுத்தது மச்சானின் காட்சி என்று நான் சொன்னதும் ராத்தா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினாள். மாமி திரும்பிப் பார்த்தார். அதற்குள் மச்சான் வந்துவிட்டார். கதாநாயகன் ஏதோ கேட்டான். மச்சானின் உதடுகள் அசைந்தன. அதோடு சேர்த்து ராத்தா மெல்லிய குரலில் பேசினாள்.

"கடல் இண்டைக்குச் சரியில்ல தம்பி. நாளைக்குப் போவம்."

கதாநாயகன் கோபப்பட்டான். மச்சான் தலையை ஆட்டினார்.

"படகெண்டா திரும்ப வாங்கலாம். ஆள வாங்கேலுமா?"

சொல்லுக்குச் சொல் உதட்டோடு பொருந்தியது. சென்னையில் குரலைத்தான் மாற்றியிருந்தார்கள். உதட்டில் இருந்தது எங்கள் ஊர்ப் பேச்சு. ஷூட்டிங்குக்கு முந்திய நாட்களில் மச்சான் முகம் மழித்துக்கொண்டே இதைப் பாடமாக்கினாராம். கதாநாயகனின் இடத்தில் நின்று கேள்வி கேட்டவள் ராத்தாதான். அதையெல்லாம் அவள் எனக்குப் பிறகு சொன்னாள். அப்போது நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ட மகன் கதைக்கிற மாதிரியேதான்" என்றார் மாமி. அழவில்லை. கொஞ்சம் பொறுத்து, அந்த இடத்தை மட்டும் இன்னொருக்காப் போடமுடியாதா என்று என்னிடம் கேட்டார். அதை வெட்டியெடுத்துத் தர எங்களுக்கு உரிமையில்லை, படமாக இன்னும் இரண்டு தடவை வரும் என்றேன். அந்த இரண்டு தடவையும் பார்க்கும்வரை தன் ஹயாத்து நீளவேண்டும் என்று கையேந்தித் துஆக் கேட்டார்.

இரண்டாவது தடவை அடுத்த வருடம் வந்தது. நான் கொழும்பில் இருந்தேன். மாமிக்காக ராத்தா அதேபோலச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பேசினாளாம். சில நாட்கள் கழித்து என்னை அழைத்தாள். வழமையான சுகம் விசாரிப்பு முடிந்தபிறகும் தொலைபேசியை வைக்காமல் இருந்தாள்.

"தங்கச்சி, அடுத்த முறை எனக்குச் சொல்ல வேணாம்."

ஏனென்று கேட்டேன்.

"அவர்ட குரல நினைச்சா இப்ப என்ட குரல்தான் வருது. ரெண்டு தரம் கதைச்சதிலேயே அப்பிடி ஆயிட்டு. இன்னும் ஒருக்காக் கதைச்சா மிச்சமும் போயிடும்."

ஓம் ராத்தா என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஒளிபரப்பு, தவணை முடியப் போகிறதே என்பதற்காக ஒரு வேலைநாளின் காலையில் போடப்பட்டது. நான் வீட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காட்சி வந்தபோது வேறொரு படத்தின் ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்ட அறையின் கண்ணாடிக்கு அப்பால் இருந்த டீவியில் மச்சான் வந்து போனார். எழுந்து போகவும் முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தது என்னவென்றும் நினைவில்லை. அதன்பிறகு உரிமை முடிந்தது. எங்களிடம் இருந்த பிரதி விதிப்படி அழிக்கப்பட்டது. யாரும் புதுப்பிக்கக் கேட்கவில்லை.

பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது மூன்றாவது தடவையும் வந்து போனதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் ராத்தா. "மாமி அவங்கட டீவில அந்தப் படத்தத் தற்செயலாக் கண்டு, ஓடி வந்து இஞ்ச இரிந்துதான் பாத்தாங்க. நான் குசினிக்குள்ள நிண்ட. சத்தத்த நிப்பாட்ட அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப உங்களுக்கும் கேட்டிரிக்கும்."

"ஓம், கேட்டுது. அது வேற ஆள்தானே. அவர்ட குரல அது ஒண்டும் செய்யல்ல."

பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பத்தில் மாமியின் பங்கைக் கோப்பையில் போட்டு மூடி என் கையில் தந்தாள். நான் இரண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.