கந்தகத் தூளும் என் பாலும்

முப்பதுகளில் நாங்கள் மாத்தளைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். துளிரில் வெள்ளை பூத்து உதிரும் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். பனி இருந்தால்தான் இலையில் ஒட்டும் என்று விடியும்போதே நாலு ஆட்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். திரும்பும்போது நாலு பேரும் சடங்கான பெண்கள் மாதிரி மஞ்சளாக இருப்பார்கள். கண் மட்டும் மிளகாய்ப்பழம்.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் தாய்ப்பால். அப்போது நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் கைக்குழந்தைக்காரி நான் ஒருத்திதான். சிரட்டையில் பீய்ச்சி வைப்பேன். வாசலில் அண்ணாந்து நிற்பவர்களுக்கு வெற்றிலை நுனியால் கண்ணில் சொட்டு விடுவேன்.

"இன்னும் ரெண்டு சொட்டு ஊத்து தங்கச்சி. இனிமே நான் ஒம் மகனுக்கு அண்ணன்" என்பார் ஐம்பது வயது ஆள் ஒருவர்.

"அண்ணன்னா தொட்டில ஆட்டிட்டுப் போங்க."

ஆட்டிவிட்டுத்தான் போவார். என் வீட்டுக்காரர் கடைசியில் வந்து, "மிச்சம் இருக்கா புள்ள?" என்பார். அவருக்கு முதலிலேயே எடுத்து வைத்திருப்பேன். சொல்ல மாட்டேன்.

அவருடைய வலது கண்ணில் வெள்ளை விழுந்தது. மிஷினிலிருந்து அவரை மாற்றச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் சண்டை பிடித்தேன். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். ஒரு வாரத்தில் டவுனிலிருந்து சர்க்கார் டாக்டர் வந்தார். வந்தது தூள் கம்பெனிக்காரரின் காரில். அப்போதே தெரிந்துவிட்டது, யார் பக்கம் எழுதுவார் என்று.

"இந்தத் தூள சொறி சிரங்குக்கே பூசுறாங்க" என்றார் கம்பெனிக்காரர். "கண்ணு கெடுறது இவங்க ஊத்துற பாலாலதான்."

"அப்ப நாளைக்கு நீங்க மிஷின் பக்கத்துல நில்லுங்க. நான் பால் ஊத்தல" என்றேன்.

அவர் சிரித்தார். டாக்டர் தலையைத் தூக்காமல் எழுதினார். மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: யாரும் கண்ணில் தாய்ப்பால் விடக்கூடாது. தூளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பால் கண்ணுக்கு நல்லதில்லை என்று பிற்பாடு ஒரு நர்ஸும் சொன்னாள். இருக்கட்டும். நாங்கள் செய்தது தப்பாகவே இருக்கட்டும். என் மாருக்குச் சட்டம் போட்டவர்களுக்கு அவர்களுடைய தூள் மூட்டை கண்ணில் படவில்லையா?

"இன்னும் கொஞ்ச நாள்தானே, போயிட்டு வந்துர்றேன்" என்றார் வீட்டுக்காரர். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கணக்கப்பிள்ளை முன்னால் நிறுத்தினேன்.

"இவரு மிஷினத் தொடமாட்டாரு. வேணும்னா பேர வெட்டுங்க."

கணக்கப்பிள்ளை முணுமுணுத்துவிட்டு அவரைப் பொம்பளைகளோடு புல் வெட்டப் போட்டார்.

"மச்சானுக்கு ஒரு சேலை கட்டி விடுங்கடி!" என்று கூட்டமே கூவியது. அவர் வெட்கத்தில் சிவந்து, என்னைப் பார்க்காமல் புல்லைச் சுரண்டினார்.

வலது கண் போனது போனதுதான். இடது கண் தப்பியது. அந்த ஒற்றைக் கண்ணால்தான் மனுஷன் சாகிற வரைக்கும் என்னை முறைத்தார்.