வானத்தில் வழி கேட்டவர்

பூந்தமல்லியில் பல்லாவரம் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. விமானச் சத்தம் கேட்டால் போதும், ஜன்னல் வழியே குனிந்து மேலே பார்ப்பார். ஏர்போர்ட்டில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலையாம்.

"வானத்துல எங்க வேணா பறக்கலாம்தானே சார்?" என்றேன்.

"அது எப்படி? விமானப்படை பயிற்சி எடுக்கிற இடத்தைச் சுத்தித்தான் போகணும். அவங்க பறக்காத நேரத்துல நமக்குத் திறந்து விடுவாங்க."

ஒருநாள் நடந்ததைச் சொன்னார். பயணிகள் விமானம் ஒன்றில் ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல். அந்த நேரம் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இவர் விமானப்படை அதிகாரிக்குப் போன் போட்டார். அவர் உடனே பயிற்சியை நிறுத்தி வழிவிட, விமானம் நேராக வந்து இறங்கியது.

"குழந்தை பொழைச்சுதா?"

"தெரியாது சார்."

"விசாரிக்கலையா?"

"குழந்தையைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். குன்றத்தூர்கிட்ட வந்து திரும்பிட்டேன். பொழைக்கலைன்னு சொல்லிட்டா, மறுநாள் வேலைக்குப் போய் அந்த சீட்டுல எப்படி உட்கார்றது?"

அவர் இறங்கிப் போய்விட்டார். நானாக இருந்தால் போய்க் கேட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.