இழுவையின் குரல்

எல்லாரும் அவரை இழுவை என்றுதான் கூப்பிட்டார்கள். பேசும்போது கடைசி எழுத்தை நீட்டுவார். அவர் பிறந்த பக்கத்துப் பேச்சு அப்படி. கட்டட வேலையில் அவருக்குப் பேசுவதே வேலை. மேலே கூண்டில் இருக்கும் கிரேன் ஓட்டுநருக்குக் கட்டடத்தின் பின்பக்கம் தெரியாது. கீழே நின்று வாக்கிடாக்கியில் இறக்கு, நிறுத்து என்று இழுவை சொல்வதுதான் ஓட்டுநருக்குக் கண்.

ஏழு வருடமாகியும் கேலி சலிக்கவில்லை. வாக்கிடாக்கி வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள். அதில் பலகை அடிக்கும் தச்சர் அச்சு அசல். தச்சர் "நிறுத்துங்கண்ணேஏஏ" என்றதும் கிரேன் நிற்கும், சிரிப்பு கிளம்பும். இழுவையும் சிரித்துவைப்பார். ஒருவனுடைய குரலைப் பத்துப் பேர் எடுத்துக்கொண்டால் அவனுக்கென்று என்ன மிச்சம்? மனைவியிடம் சொன்னபோது, நீங்களும் அவங்களை மாதிரியே பேசிப் பழகுங்களேன் என்றாள். கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தார். யாரோ அந்நியன் வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

அன்று கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி கட்டுகிறவர் ஒருவர், கைதவறி விழுந்த குறடைத் தேடித் தடுப்பைத் தாண்டி வந்து நேர் கீழே குனிந்தார். மேலே கட்டு ஒரு பக்கமாகச் சரிவதை இழுவை பார்த்தார்.

"நிறுத்துங்கண்ணேஏஏ."

கட்டு இறங்கியது.

"அண்ணேஏஏ, நிறுத்துங்கஅஅ. கீழ ஆள் இருக்கு."

"காலையிலேர்ந்து இது மூணாவது தடவை, தச்சரே," என்றார் ஓட்டுநர் சிரிப்போடு. "போய் பலகையை அடிங்க."

நீட்டாமல் சொல்லிப் பார்த்தார். அப்போதும் கடைசி எழுத்து நீண்டது. கருவியைப் போட்டுவிட்டு ஓடினார். குனிந்திருந்தவரை மோதித் தள்ளிக்கொண்டு விழுந்தார். இரண்டடி தள்ளிக் கட்டு விழுந்தது. தரை அதிர்ந்தது அவர் பல்லில் தெரிந்தது.

சாயங்காலம் விசாரணை. தச்சர் தலைகுனிந்து நின்றார். அவரை இரண்டு வார்த்தை கண்டித்ததோடு சரி. பிறகு மேற்பார்வையாளர் இழுவை பக்கம் திரும்பினார்.

"உன் பேச்சு அப்படி இருக்கப்போய்த்தானே இவ்வளவும்? நாளையிலேர்ந்து வேற ஆள் பேசட்டும். நீ கொடியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லு."

வீட்டில் மனைவி கிழிந்த சட்டையைப் பார்த்துப் பதறி என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் வாய் திறந்தார். முதல் வார்த்தை நீண்டது. அது தன் குரலா, தச்சர் குரலா என்று அவருக்கே தெரியவில்லை.