ஆரஞ்சுகளுக்கு அடியில்

வங்காளத்து அலிப்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மார்கழிப் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அறைகளைப் பாதி அழித்துவிட்டுப் போகும். அந்தப் பனிக்குள்ளிருந்துதான் டாலி வரும். டாலி என்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதிகாரிகளுக்கு ஒப்பந்தக்காரர்கள் அனுப்பும் பழக்கூடை. வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் கூடைக்கு மட்டும் வழி மறக்கவில்லை.

பூவும் பழமும் தவிர வேறெதையும் அதிகாரிகள் தொடக்கூடாது என்பது அந்தக் காலத்து விதி. ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டவர்கள் எழுதியது. அப்பாவுக்கு அது வேதவாக்கு. "அழுகுற சாமான்னா வாங்கலாம், அழுகாததுன்னா வாசலோட சரி" என்பார்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அந்த வருடம் வந்த கூடையில், ஆரஞ்சுகளுக்கு அடியில் பாலுச்சரி என்ற வங்காளப் பட்டுப்புடவை ஒன்று இருந்தது. அனுப்பியவர் அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்த ஒப்பந்தக்காரர். அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முந்தானையில் குட்டிக் குதிரைகள், ஹூக்கா பிடிக்கும் நவாபுகள். அறை முழுக்க ஆரஞ்சு வாசனை. அம்மா அவ்வளவு அழகு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா வந்து பார்த்தார். "மடிச்சு வை. பழத்தோட சேர்த்துத் திருப்பி அனுப்பிடலாம்." நான் தின்று தீர்த்த ஆரஞ்சுகளுக்குப் பதில் கடையில் வாங்கிப் போட்டுக் கூடையை அனுப்பியும்விட்டார். அதற்குப்பின் அம்மா அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

சில நாட்களில் கூடை மறுபடி வந்தது, முன்னதைவிடப் பெரியதாக. கொண்டுவந்த ஆள் கையைப் பிசைந்தான். "பௌதி, போன தடவை கம்மியாப் போச்சு, மன்னிச்சுக்கச் சொன்னார் முதலாளி" என்று அம்மாவை அண்ணி முறை வைத்து வங்காளத்தில் கெஞ்சினான். திருப்பி அனுப்பினால் போதவில்லை என்று அர்த்தமாம், அவர்கள் வழக்கத்தில். உள்ளே இரண்டு பட்டுகள். எனக்கும் ஒரு பாவாடைத் துணி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதையும் திருப்பி அனுப்பலாம்ப்பா, இன்னும் பெருசா வரும்!" என்று குதித்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அந்தக் கூடை திரும்பிப் போகவில்லை.

பொங்கலன்று காளிகாட் கோயிலுக்குப் போனோம். அம்மா புதுப் பட்டில், நான் பட்டுப் பாவாடையில். அப்பா எங்களோடு சேர்ந்து நடக்காமல், யாரோ எவரோ என்பதுபோல் பின்னால் தள்ளியே வந்தார். பாவம், அப்பாவுக்குக் கூட்டம் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.